முதல் குழி

இலையுதிர் காலத்தில் பிஷப் வந்து புதுத் தேவாலயத்தையும் அதைச் சுற்றியிருந்த புதுக் கல்லறைத் தோட்டத்தையும் புனிதப்படுத்திவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஆல்ட்வோல்ட் என்ற அந்தக் கடலோர ஊரில் ஒருவரும் சாகவில்லை. சாகிற நிலையில் ஆள் இல்லாமல் இல்லை. முதலில் போக யாருக்கும் மனசில்லை, அவ்வளவுதான்.

பழைய தேவாலயம் கடலோடு போயிருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் மண்மேட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, தோட்டத்தின் கிழக்குச் சுவரை, பிறகு கல்லறைகளை, கடைசியாகக் கோபுரத்தையும் இழுத்துக்கொண்டது. கோபுரம் விழுந்த அன்று கெஸையாவின் புருஷன் எலைஜா படகில் இருந்தான். சவப்பெட்டிகள் மேட்டிலிருந்து சரிந்து அலையில் விழுந்ததைப் பார்த்தான். அவற்றுக்குப் பின்னால் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கருநாய் மண்சரிவில் இறங்கி, தலையைத் தூக்காமல் தண்ணீருக்குள் நடந்து போனதையும் பார்த்தான். கரைக்கு வந்ததும் கெஸையாவிடம் மட்டும் சொன்னான். மறுநாள் ஊருக்கே தெரிந்திருந்தது.

அந்த நாயை ஷக் என்பார்கள். ஆல்ட்வோல்டில் அதைப் பார்க்காத குடும்பம் கிடையாது. புது மண்ணில் முதலில் இறங்குகிற உயிருக்குத் தூக்கம் கிடையாது; கடைசி நாள் வரைக்கும் மற்றவர்கள் நிம்மதியாகக் கிடக்க, அது கருநாயாகக் காவல் நிற்க வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் புத்திசாலித்தனமாக, மனிதர் யாரையும் புதைக்கும் முன் ஒரு கறுப்பு நாயைப் புதைத்துவிட்டார்கள். அது நானூறோ ஐந்நூறோ வருஷம் தன் வேலையைப் பார்த்தது. காவல் காத்த மண்ணே போனபின் தானும் போய்விட்டது.

புதுத் தோட்டத்துக்கும் அப்படியே செய்துவிடலாம் என்று ஊர்க்காரர்கள் ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த பாதிரியார் அதைத் தோண்டி எடுக்கவைத்து வேலிக்கு வெளியே எறியச் சொன்னார். கிறிஸ்தவர்கள் படுக்கிற மண்ணில் நாயா என்று பிரசங்கத்தில் அரைமணி நேரம் திட்டினார். அப்புறம் ராத்திரியில் வாசலைப் பூட்டவும் ஆரம்பித்தார்.

குளிர்காலம் பிறந்தபோது ஊரில் இரண்டு பேர் படுக்கையில் இருந்தார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

அந்தப் பக்கம் மெஷாக் பாலன்ட். கிழவர் ஒருகாலத்தில் ஊரிலேயே பெரிய படகு வைத்திருந்தவர். பெற்ற மகனைக் கயிற்றால் அடித்தே கப்பலுக்கு ஓடவைத்தவர், அவன் திரும்பவேயில்லை. மகன் விட்டுப்போன மனைவி தாமசின்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இடது கண் இமை பாதி மூடியபடி தொங்கும். நாக்கு மட்டும் விழவில்லை.

இந்தப் பக்கம் கெஸையாவின் மகள் டோர்கஸ், ஆறு வயசு. தொண்டை அடைப்பான். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து, மூச்சு விடும்போது மரத்தை அறுப்பது மாதிரி சத்தம் வந்தது. பக்கத்து ஊரில் அந்தக் காய்ச்சல் ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோயிருந்தது.

வெங்காயக் கஞ்சியும் பார்லி ரொட்டியும் எடுத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, அடுத்த வாசலுக்குப் போய்ப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும். கிழவருக்கும் தெரியும். சுவர் மெல்லிசு, படுத்தபடியே கத்துவார்.

"கெஸையா, உம் மகளை அவசரப்பட வேணாம்னு சொல்லு. நானும் அவசரப்படறதா இல்ல."

சற்று நேரம் கழித்து அதே குரல், கொஞ்சம் தணிந்து கேட்கும்.

"குட்டி ஏதாச்சும் குடிச்சாளா?"

அவருக்கு டோர்கஸ் மட்டும் பிடிக்கும். அவள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டு, தாடியைப் பிடித்து இழுப்பாள். ஊரில் வேறு யாரும் அதைச் செய்துவிட்டு உயிரோடு வீடு திரும்பியிருக்க முடியாது.

ஆறு வயசுப் பிள்ளை இருட்டில், மழையில், யுகமுடிவுவரை தனியாக நிற்பதை நினைத்து நினைத்து கெஸையாவுக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு இடி என்றால் பயம். தனியாகப் பின்கட்டுக்குப் போகக்கூடப் பயம். பாதிரியாரிடம் போய், கறுப்பு நாய் வேண்டாம், ஒரு பூனையையாவது புதைக்க விடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பயத்தை விடு, ஜெபம் பண்ணு என்றார். அவள் ஜெபமும் பண்ணிப் பார்த்தாள்.

பனிமூட்டம் கவிந்த ஒரு நாள் மதியம் படகுகள் ஹெர்ரிங் மீனோடு வந்து சேர்ந்தன. ஊர்ப் பெண்கள் எல்லாரும் மீன் கீறப் போக வேண்டும். போகாவிட்டால் குளிர்காலத்துக்குக் கருவாடு கிடையாது. தாமசின் வந்து கதவருகில் நின்றாள். நீ எப்படியும் பிள்ளையைவிட்டு வரமாட்டாய், பெரியவரையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொள், நெருப்பு அணையாமல் இருந்தால் போதும் என்றாள். சரி என்றாள் கெஸையா.

டோர்கஸ் கண் செருகிக் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இன்று ராத்திரியோ நாளைக் காலையோ என்று கெஸையாவுக்குத் தோன்றிவிட்டது. பிள்ளையின் தலையைத் தலையணையில் உயர்த்தி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கிழவர் கணப்புக்குப் பக்கத்தில் மூன்று கம்பளிக்குள் கிடந்தார். கெஸையா முதலில் கணப்பைப் பார்த்தாள். விறகு போடவில்லை. கடல் பக்கத்து ஜன்னலின் மரக்கதவைத் திறந்தாள். வாசல் கதவையும் அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். பனி உள்ளே வந்து தரையில் பரவியது. பிறகு கம்பளிகளை ஒவ்வொன்றாக உருவி, மடித்து, மூலையில் வைத்தாள். மடித்து வைத்தது பிற்பாடு அவளுக்குப் பலமுறை ஞாபகம் வந்தது. அவ்வளவு ஒழுங்காக மடித்திருக்கிறாள்.

"கதவைச் சாத்துடி. குளிருது," என்றார் கிழவர்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"காது கேக்கலயா? சாத்துங்கறேன்."

"கேக்குது."

நல்ல கண்ணால் அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மடித்து வைத்த கம்பளிகளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினாலும் கேட்க யாருமில்லை, எல்லாரும் கரையில்.

"குட்டிக்கு அவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

"நீ என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா?"

கிழவர் கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்," என்றார். "அந்த இருட்டை நெனச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு." அதற்கப்புறம் பல் கிட்டித்துப் பேச முடியாமல் போயிற்று. ஒருமுறை மட்டும் நல்ல கையை நீட்டி, கம்பளி இருந்த மூலையைக் காட்டினார். அந்தக் கை நெடுநேரம் நீட்டியபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் மூச்சு அறுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்பதற்குள் இது நிற்க வேண்டும்.

நின்றது. அவள் எழுந்து ஜன்னலையும் கதவையும் சாத்தி, கம்பளிகளைப் போர்த்தி, கணப்பைக் கிளறி விறகு போட்டாள். தாமசின் திரும்பி வந்தபோது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாள். தாமசின் மீன் செதில் ஒட்டிய கையோடு கிழவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையைக் கழுவப் போனாள்.

மெஷாக் பாலன்ட்டை மறுநாளே புதைத்தார்கள். ஊரே திரண்டு போனது. அவருக்காக இல்லை, நிம்மதிக்காக. முதல் மண்கட்டி பெட்டிமேல் விழுந்த சத்தத்தைக் கேட்டபிறகுதான் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். கெஸையா போகவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்து ஓய்ந்தபோது டோர்கஸ் ஒரு பெரிய இருமல் இருமினாள். தொண்டையிலிருந்த அந்தச் சாம்பல் தோல் மொத்தமும் கிழிந்து, ரத்தத்தோடு அவள் அம்மாவின் கையில் வந்து விழுந்தது. பிள்ளை மூச்சை இழுத்தாள். சத்தமில்லாத மூச்சு.

"அம்மா, பசிக்குது," என்றாள்.

கெஸையா அந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எலைஜா ஓடிவந்து, மகளைத் தூக்கிக்கொண்டு அழுதான், சிரித்தான். நீ ஏன் அழவில்லை என்று மனைவியைக் கேட்டான்.

டோர்கஸ் எழுந்து நடந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நன்றி சொல்ல மூவரும் தேவாலயத்துக்குக் கிளம்பினார்கள். தோட்டத்து வாசலில் ஷக் படுத்திருந்தது.

கன்றுக்குட்டி அளவு. தார் பூசிய மாதிரி கறுப்பு, ஆனால் வெயில் பட்டும் ஒரு மயிர்கூட மினுங்கவில்லை. அந்தக் குளிரில் எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்தது. அதன் வாயிலிருந்து வரவில்லை. அணைந்த கணப்பின் நாற்றம் அடித்தது. அதன் இடது கண் இமை பாதி மூடித் தொங்கியது. எலைஜா அது கண்ணில் படாதவனாகத் தாண்டிப் போனான். டோர்கஸ் அதன் முதுகுமேலேயே காலை வைத்து ஓடினாள். அது அசையவில்லை. கெஸையா ஒரு அடி எடுத்து வைத்ததும் எழுந்து நின்றது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. குறுக்கே நின்றது, அவ்வளவுதான்.

தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரமும் நின்றது. ஈஸ்டருக்கும் நின்றது. கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் பாடிக்கொண்டு உள்ளே போனபோதும் அவளுக்கு மட்டும் நின்றது. அவள் போவதை விட்டுவிட்டாள். பாதிரியார் வந்து விசாரித்தார். என்னால் முடியவில்லை ஐயா என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் பேச ஆரம்பித்தார்கள். பேசாதவள் தாமசின் ஒருத்திதான். அவளுக்கு ஏதோ வாதம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து நொண்டிக்கொண்டே வருவாள். வருகிற வழியில் கெஸையாவின் வீட்டில் உட்கார்ந்து காலைச் சூடு காட்டிக்கொண்டு, பிரசங்கம் எவ்வளவு நீளம், யார் தூங்கினார்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

சில வருஷம் கழித்து எலைஜாவின் படகு மணல்திட்டில் கவிழ்ந்தது. உடம்பு கிடைத்தது. பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்த கெஸையா வாசலில் நின்றுவிட்டாள். மகளின் கையை விட்டாள். சுவரைச் சுற்றிப் போய், கற்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். குழி தெரியவில்லை, ஆட்களின் தோள்கள்தான் தெரிந்தன. சுவருக்கு உட்புறம் ஷக் அவளுக்கு நேராக வந்து நின்று, அவள் நகர்ந்தால் தானும் நகர்ந்தது. டோர்கஸ் அப்போது பத்து வயசுப் பெண். அப்பாவின் குழியருகே தனியாக நின்றதை அவள் மறக்கவில்லை.

டோர்கஸ் வளர்ந்து, கயிறு திரிக்கிறவனின் மகன் ஏபெலைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன அன்று, கெஸையா கல்யாண உடைக்கு என்ன துணி எடுக்கலாம் என்று ஆசையாகக் கேட்டாள். டோர்கஸ் பாத்திரம் கழுவியபடி, திரும்பாமல் பேசினாள்.

"எதுக்கு கேக்கறே? அப்பாவப் பொதைக்கவே வரல நீ. எங் கல்யாணத்துக்கா வரப்போறே?"

கெஸையா வாசலில் வந்து உட்கார்ந்தாள். அன்றும் தாமசின் வந்தாள். தலைமுடி நரைத்து, கைத்தடியோடு நடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பெண் சொன்னதைச் சுவர் வழியாகக் கேட்டேன் என்றாள்.

"தாமசின், நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேணாம். ஜன்னல் விளிம்பு நனைஞ்சிருந்துச்சு. நெருப்பு புதுசா மூட்டினது." தாமசின் தன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள். "நீயா சொல்லுவேன்னு இத்தனை வருஷமா பாத்தேன். அப்பறம் அலுத்துப்போச்சு."

கெஸையா முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள்.

"நான் ஏன் உன்னைக் காட்டிக் குடுக்கலன்னு கேக்க மாட்டியா? அன்னைக்கு அவர் நெத்தியைத் தொட்டப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இனி ராத்திரி தூங்கலாம்னு தோணுச்சு. அது அவருக்கும் தெரியும். என்னையும் பாத்துக்கிட்டுதான் இருக்கார்."

"உனக்கும் தெரியுதா அது?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். எனக்கு வழி விடுவார். ஆனா பின்னாலயே வந்து, ஆராதனை முடியற வரைக்கும் எங் கால்மேல படுத்துக்குவார். வாதம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. உயிரோட இருந்தப்ப இருந்ததுக்கு இது எவ்வளவோ மேல், வாயாச்சும் மூடியிருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோயிற்று. எனக்கு வழி விடமாட்டார் என்றாள் கெஸையா. விடமாட்டார்தான் என்றாள் தாமசின். அவர் ஊடாகவே நடந்து போனால்தான் உண்டு. மறித்து நிற்கிற ஷக்கின் ஊடே நடந்தவர்கள் அந்த வருஷம் தாண்டுவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

கல்யாணத்தன்று காற்று பலமாக இருந்தது. டோர்கஸ் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் உள்ளே போனாள். எல்லாரும் போனபிறகு கெஸையா வாசலுக்கு வந்தாள். நாய் எழுந்து நின்றது. அவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, நிற்காமல் நடந்தாள்.

ரோமம் தட்டுப்படவில்லை. உடம்பும் தட்டுப்படவில்லை. அந்த மதியம்தான் இருந்தது. பனி தரையில் பரவுவது, கணப்பு கறுத்துப்போவது, பல் கிட்டிப்பது, நீட்டிய கை நடுங்குவது. எல்லாமே இப்போது கட்டிலில் கிடந்தவரின் கண் வழியாக. முக்காலியில் ஒருத்தி மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், நிமிரவேயில்லை. எவ்வளவு நேரமோ. மறுபக்கம் வந்தபோது கெஸையாவின் இடது கை மரத்திருந்தது. அப்புறம் அது சரியாகவே ஆகவில்லை.

கடைசி வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டோர்கஸ் மோதிரத்துக்குக் கையை நீட்டும்போது ஏதோ தோன்றித் திரும்பினாள், பார்த்துவிட்டாள். அவள் முகம் இளகியது. கெஸையாவுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருஷம் ஹெர்ரிங் வரத்து முடியும்போது கெஸையா படுத்துவிட்டாள். உடம்பு சில்லென்றே இருந்தது. எவ்வளவு போர்த்தினாலும் சூடு ஏறவில்லை. மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல், கம்பளி, கிழவர் கேட்ட கேள்வி, வாசலில் மறிக்கிற நாய், ஒன்றையும் விடவில்லை. உனக்காகத்தான் என்று முடித்தாள்.

டோர்கஸின் வயிற்றில் பிள்ளை இருந்தது. அதன்மேல் இரு கையையும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதம்மா," என்றாள். "நான் கேக்கல. எம்மேல ஏத்திட்டுப் போகாதே."

"சரி," என்றாள் கெஸையா. என்னை வெளியே, மேட்டுப் புல்வெளியில் புதைத்துவிடு என்றாள். அன்றிரவு டோர்கஸ் அம்மாவின் பக்கத்தில் ஏறிப் படுத்து, விடிய விடிய அணைத்துக்கொண்டிருந்தாள். விடிந்தபோது அணைப்புக்குள் சூடு இல்லை.

டோர்கஸ் அம்மாவைப் புல்வெளிக்குக் கொண்டுபோகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னாள். தூக்கி வந்தவர்கள் தோட்டத்து வாசலில் சட்டென்று நின்றார்கள். திடமான ஆட்கள், படகு இழுக்கிற தோள்கள். பெட்டி கனக்கிறது, ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்று கீழே இறக்கினார்கள். தாமசின் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றாள். அவளுக்கு என்னவென்று தெரிந்தது.

டோர்கஸுக்கு வெறும் வாசல்தான் தெரிந்தது. அவள் முன்னால் போய், நிறைமாத வயிற்றோடு, யாருமில்லாத அந்த இடத்தைப் பார்த்து நின்றாள்.

"தாத்தா, நகருங்க," என்றாள்.

காற்று இருந்தது. வேறொன்றும் அசையவில்லை. சற்றுப் பொறுத்து அவர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். வந்துவிட்டது.

நாய் விலகியதைத் தாமசின் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால், அவளுக்கு முன்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அது நடந்தது. மண்ணைத் தள்ளி மேடு கட்டி முடித்ததும் ஏறி, மேட்டின்மேல் முழு நீளத்துக்கும் படுத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் கிடந்தது, அதற்கடுத்த ஞாயிறும். தாமசினின் கால்பக்கம் அதற்கப்புறம் வரவேயில்லை. காவலுக்குப் படுத்திருக்கிறதா, அமுக்கிக்கொண்டு கிடக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிரசங்கம் முடிந்து எல்லாரும் போனபின் தடியை ஊன்றியபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு டோர்கஸின் பிள்ளையைத் தாலாட்ட வீட்டுக்குப் போவாள்.